அந்த நிலாவில் யாரும் இல்லை

ஜூன் 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். படம் வெளியாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, இனி உனக்கு என்ன குறை?

போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, “ஒரு நிமிஷம் இருடா, கூப்பிடறாங்க” என்று வைத்துவிடுவாய். எடிட்டர் அல்லவா, எந்த இடத்தில் வெட்டினால் எதிராளி வாயடைத்துப் போவான் என்று உனக்குத் தெரியும். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நேற்று மாலைக் காட்சிக்கு ‘தூரவட்டம்’ கடைசிப் பாகம் போனேன். சின்ன வயதில் நாம் போன அதே தியேட்டர். இப்போது அதை நாலு திரையாகத் தடுத்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனை லிஃப்டில் கயிறு மாற்றும் வேலை எனக்கு. மீதியைக் கூட வேலை செய்பவர் தலையில் கட்டிவிட்டு, கிரீஸ் கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ஓடினேன். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கால் தானாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் போய் நின்றேன். இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. ஒரே டிக்கெட்டில் நாம் இரண்டு பேர் படம் பார்த்த காலம் ஞாபகம் வந்தது. முதல் பாதிக்கு நீ போவாய். இடைவேளையில் வெளியே வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுப்பார்களே, அதை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் திணிப்பாய். மணி அடிப்பதற்குள் இரண்டே நிமிஷத்தில் முதல் பாதிக் கதையை முழுக்கச் சொல்லி என்னை உள்ளே தள்ளுவாய். நான் மீதியைப் பார்த்துவிட்டு வந்து வீடு வரைக்கும் நடந்துகொண்டே உனக்குச் சொல்வேன். முதல் பாகம் அப்படித்தானே பார்த்தோம். நேற்று அங்கே நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை, கோபம் மட்டும்தான் வந்தது. அதற்குள்ளேயே படம் பாதி நாறியிருந்தது.

மீதிப் பாதியில் முழுசாக நாறியது. எங்கிருந்தோ ஒரு புதுப் படை வருகிறது. அதற்கு ஒரு ராணி. ஒரு பேசும் குட்டி இயந்திரம், கடையில் பொம்மையாக விற்பதற்கென்றே செய்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பனி நிலாவுக்குக் கேப்டன் எப்போது போவான் என்று மட்டும் காத்திருந்தேன். அங்கே ஸ்பானர்காரி இருக்கிறாளே. படத்தில் அவளுக்கு என்ன பேரோ, நாம் வைத்த பேர்தான் நமக்கு. முதல் பாகத்தில் விண்கப்பல் கிளம்ப வேண்டும் என்பதற்காக அந்த வால்வைத் தன் கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றவள். “விளக்கை அணைக்காதே, வந்துடறேன்” என்று கேப்டன் ரேடியோவில் சொல்லிவிட்டுப் போனானே, அவள்.

போனான் உன் கேப்டன். போய் என்ன செய்தான்? எதிரிக் கப்பல்களை மடக்க அந்த நிலாவையே வெடித்துத் தள்ளினான். பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான், அங்கே ஆள் யாராவது இருப்பார்களா என்று. கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அந்த நிலாவில் யாரும் இல்லை” என்கிறான். பொத்தானை அழுத்துகிறான். எனக்கு முன்வரிசையில் விசிலடித்தார்கள்.

படம் முடிந்து எல்லாரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தேன், உன் பேர் வரும் என்று. பெருக்க வந்த பெண்மணி துடைப்பத்தோடு எனக்காகக் காத்திருந்தார். வந்தது. எடிட்டிங்கில் மூன்றாவது பேர்.

ஜனவரியில் அம்மா படுத்தாள். ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தாள். நீ வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை. கடைசி எடிட்டிங் நடக்கிறது, இப்போது நகர முடியாது என்றாய். பெரிய வேலை போலிருக்கிறது, இருபத்தெட்டு வருஷப் படத்தை முடித்து வைக்கிற வேலை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது கேட்கிறேன். இந்தக் குப்பைக்காகவா நீ வரவில்லை?

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பூட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். வாசல் பூட்டை மாற்றுகிறேன். உன்னிடம் இருக்கும் சாவியைத் தூக்கிப் போட்டுவிடு.

தம்பி

—

ஜூன் 11

நட்டுவுக்கு,

உனக்கு இந்தப் பேரை வைத்தவள் நான். நீ நட்டும் போல்ட்டும் பொறுக்கிச் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு திரிந்ததற்காக வைத்தது. இப்போதுதான் முழுப் பொருத்தம். உனக்கு நட்டு கழன்றுவிட்டது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம் வந்தது. பார்த்தவனுக்கு எல்லாம் சுலபம். டிக்கெட் வாங்கினோம், பார்த்தோம், குப்பை என்றோம். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு என்ன தெரியும்? நான் அந்தப் படத்துக்கு மூன்றாவது எடிட்டர். முதல் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு போனபிறகு கூப்பிட்ட ஆள். நான் போய் உட்கார்ந்த மறுவாரம் இயக்குநரும் போய்விட்டார். மிச்சம் இருந்தது தயாரிப்பாளர், பொம்மைக் கம்பெனி ஆட்கள், மாறாத ஒரு வெளியீட்டுத் தேதி. நீ லிஃப்டைப் பழுது பார்க்கிறாய். எந்த மாடியில் யார் குடியிருக்க வேண்டும் என்று நீயா முடிவு பண்ணுகிறாய்?

இதையும் தெரிந்துகொள். கேப்டன் திரும்பிப் போகிற காட்சியை எடுத்தார்கள். முதல் பாகத்தில் ஸ்பானர்காரியாக நடித்த அதே நடிகையைக் கூட்டிவந்து ஒன்பது நாள் எடுத்தார்கள். தலை நரைத்திருந்தது, சாயம் எதுவும் பூசவில்லை. அவர் அந்த வால்வில் கை வைத்தபடியே கதவைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக நான் அந்த அறையில் நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். அதைப் படத்தில் நிறுத்த என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்காதே.

அம்மா விஷயம். கடைசி வாரம் வரைக்கும் நான் தினமும் போனில் பேசினேன். “முடிச்சிட்டு வா, அவசரமில்லை” என்று அம்மாவே சொன்னாள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நீ நீதிபதியாக வந்து உட்காராதே. கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நீ, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக அவள் உனக்கு மட்டும் அம்மா ஆகிவிடமாட்டாள்.

சாவியைத் தூக்கிப் போட மாட்டேன். பூட்டை வேண்டுமானால் மாற்றிக்கொள். மாறிய பூட்டுக்கு முன்னால் பழைய சாவியோடு வந்து நிற்பேன், நாலு மாடிக்காரர்களும் வேடிக்கை பார்க்கட்டும்.

உன் அக்காதான்

—

ஜூன் 19

அக்காவுக்கு,

எடுத்தார்களா? எடுத்துவிட்டுத்தான் தூக்கிப் போட்டார்களா? எடுக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூரையின்மேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்த கோபத்தில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன், ஐந்து மாடி ஆழத்தில் போய் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

“முடிச்சிட்டு வா” என்று அம்மா சொன்னாளாம். அம்மா யாரிடம் எதைக் கேட்டிருக்கிறாள்? தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாள். நாம் அந்தப் பக்கம் போனதும் தானே எழுந்து எடுக்கப் பார்ப்பாள். முப்பது வருஷம் ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு தேய்த்த மனுஷி, காய்ச்சலுக்குக்கூட ஒரு நாள் லீவு கேட்டதில்லை. அவள் அவசரமில்லை என்றால் நீ அதை அப்படியே எடுத்துக்கொள்வாயா? உனக்கு அது வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டாய்.

நீ தினமும் பேசினாய். சரிதான். ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவள் காலையிலிருந்தே மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்வாள். இருமல் வராமல் இருக்க வெந்நீர் கேட்பாள். தலை வாரிவிடச் சொல்வாள், போனில் தலை தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள். பேசி முடித்தபிறகு ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். இதெல்லாம் உன் காதில் விழாது. உனக்கு நல்ல குரல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறேன், நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவளை மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்காரவைத்து, கீழ் வீட்டு டீச்சர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகப் பிடித்து, நாலு மாடி இறக்கினோம். அந்த டீச்சருக்கு முதுகுவலி. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நீ பிடிக்க வேண்டிய பக்கத்தை அவர்தான் பிடித்தார்.

காட்சியைக் காப்பாற்ற முடியவில்லையாம், ஏன் என்று கேட்கக் கூடாதாம். நான் கேட்பேன். முதல் பாகத்தின் கடைசி வரியே கேப்டன் கொடுத்த வாக்குதானே. “விளக்கை அணைக்காதே, வந்துடறேன்.” அந்த ஒரு வரியை அவர்கள் முன்னால் வைத்து நீ சண்டை போட்டிருந்தால் எந்தத் தயாரிப்பாளர் எதிர்த்துப் பேச முடியும்? நீ போடவில்லை. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அம்மாவையும் விட்டாய், அந்தக் காட்சியையும் விட்டாய். அப்படி என்னதான் செய்தாய் அங்கே?

பூட்டுக்காரர் பதினைந்தாம் தேதி வருவது உறுதி.

தம்பி

—

ஜூன் 27

டேய்,

கேட்டுவிட்டாய் அல்லவா? இப்போது கேள். உன்னிடம் இதைச் சொல்லாமலே இருந்துவிட வேண்டும் என்று நாலு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீதான் வாயைக் கிளறினாய்.

நீ சொன்ன அந்தச் சண்டையை நான் போட்டேன். அப்படியே, நீ எழுதிய அதே வார்த்தையில். பிப்ரவரி முதல் வாரம். அறையில் இருபது பேர். தயாரிப்பாளர், ஸ்பானர்காரியை ஜனங்கள் மறந்துவிட்டார்கள், அந்தக் காட்சி எதற்கு, படம் நீளமாக இருக்கிறது என்றார். நான் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்று பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். “ஜனங்க மறக்கலாம் சார், கேப்டன் மறக்க முடியாது. முதல் பாகத்துல வந்துடறேன்னு ரேடியோவுல சொல்லிட்டுத்தானே போறான்” என்றேன்.  

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர் மெதுவாக, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்றார். போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

முதல் பாகத்தின் முடிவில் அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவள், “கேக்குதா, கேக்குதா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேப்டன் கொஞ்ச நேரம் ரேடியோவைப் பார்க்கிறான். கை நீட்டி அதை அணைக்கிறான். கப்பல் போகிறது. படம் முடிகிறது. அவ்வளவுதான். வாக்கும் இல்லை, விளக்கும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். தயாரிப்பாளர் ரொம்ப மரியாதையாக, “நீங்க முதல் பாகம் பார்த்திருக்கீங்க இல்லையா, மேடம்?” என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். வேலையில் சேர்ந்த அன்றே ஐந்து பாகத்தையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாலு பாகம் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் பாகத்தில் முதல் பாதி மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். இரண்டாம் பாதிதான் எனக்குத் தெரியுமே. தியேட்டரிலிருந்து வீடு வரைக்கும் நீ சொன்னாய். ரேடியோவில் அவன் குரல் கரகரத்தது என்றுகூடச் சொன்னாய். அதற்குமேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தூரவட்டத்தை வெட்ட உட்கார்ந்தவள் தூரவட்டத்தைப் பார்க்கவில்லை. உலகத்தில் வேறு எந்த எடிட்டரும் செய்திருக்க முடியாத முட்டாள்தனம்.

அதன்பிறகு அந்த அறையில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. இரண்டு நாளில் காட்சியைத் தூக்கினார்கள். நிலாவை வெடிக்கவைக்கும் யோசனை அதற்கப்புறம் வந்ததுதான். “அந்த நிலாவில் யாரும் இல்லை” என்ற வசனத்தைக் கேப்டன் வாயில் ஒட்டியவள் நானே. ஒட்டு தெரியாமல் ஒட்டினேன்.

அந்த வாரம்தான் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போனது. நீ போனில் வா வா என்றாய். இன்னும் ஒரு வாரம் இருந்தால் எப்படியாவது அந்தக் காட்சியைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம், பேசிப் பார்க்கலாம், என் மானத்தையும் மீட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா இருப்பாள், காட்சிதான் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டும் போய்விட்டது. போனபிறகு அம்மா இல்லாத அந்த வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் உண்மை, வைத்துக்கொள்.

இப்போது நான் கேட்கிறேன். ஏன்டா அப்படிச் சொன்னாய்?

அக்கா

—

ஜூலை 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நம்பவில்லை. அவர்கள் வேறு ஏதோ பிரதியைப் போட்டுக் காட்டி உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வேலைக்குப் போகாமல் முதல் பாகத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். உனக்குத் தெரியுமா, அன்றைக்குப் பிறகு அதை நான் மறுபடி பார்த்ததே இல்லை. ஆயிரம் தடவை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பார்த்ததில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் என்னை நானே கேட்டுக்கொண்டதும் இல்லை.

அவன் ரேடியோவை அணைக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயது. அப்பா வீட்டைவிட்டுப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஒரு பையில் சட்டையை எடுத்துக்கொண்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார். நான் தியேட்டரைவிட்டு வெளியே வந்தேன். நீ சைக்கிள் ஸ்டாண்டில் சுவரோடு காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “அவன் திரும்பி வருவானாடா?” என்று கேட்டாய். படத்தைத்தான் கேட்டாய். ஆனால் உன் முகம் படத்தைக் கேட்கிற முகமாக இல்லை. வருவேன்னு சொன்னான் என்றேன். எப்படிச் சொன்னான் என்றாய். ரேடியோவில் சொன்னான் என்றேன். நீ கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு வருவதற்குள் விளக்கும் வந்துவிட்டது, கரகரத்த குரலும் வந்துவிட்டது. அடுத்த நாளே நானும் அதை நம்ப ஆரம்பித்திருப்பேன்.

இருபது பேர் முன்னால் உன் தலை குனிந்ததற்கு நான்தான் காரணம். அதற்கு மன்னித்துக்கொள். சும்மா எழுதவில்லை, எழுதும்போது கை கூசுகிறது.

ஆனால் கணக்கை இதோடு நேர் செய்துவிடாதே. நான் பொய் சொன்னது ஒன்பது வயதில். நீ வராமல் இருந்தது நாற்பத்தொன்றில். என் கோபம் குறையவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது, அது எங்கே போய் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி

—

ஜூலை 8

நட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருப்பதெல்லாம், நீ சொல்லி முடித்தபிறகு எனக்குப் பசித்தது என்பது மட்டும்தான். அப்பா போனதிலிருந்து அன்றைக்குத்தான் பசித்தது. எனவே அந்தப் பொய்க்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை என்பாய், இருந்தாலும் கேட்கிறேன். அம்மாவுக்கும் முதல் பாதி மட்டும்தான் நான் பார்த்தேன். அந்த ஐந்து வாரமும் உள்ளே இருந்தவன் நீ. கடைசி வாரத்தில் என்ன நடந்தது என்று இதுவரை நீ சொன்னதில்லை. “நல்லபடியா போனா, உன்னைத்தான் கேட்டா” என்று போனில் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரியை நான் இத்தனை நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்ப முடியவில்லை.

சொல்லு. என்னை நோகடிக்கும் என்றாலும் சொல்லு. நடந்ததை மட்டும் சொல்லு.

அக்கா

—

ஜூலை 13

அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலு தடவையும் கை ஏதாவது சேர்க்கப் பார்த்தது. இது ஐந்தாவது.

கடைசி வாரம் அம்மாவுக்குப் போனில் பேச மூச்சு போதவில்லை, திங்கட்கிழமை என்னிடம் உன்னைக் கேட்டாள். கிளம்பிட்டாளாம் என்றேன். நீ கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும், அன்று காலையில்தான் உன்னோடு போனில் கத்திவிட்டு வந்திருந்தேன். புதன்கிழமை மறுபடி கேட்டாள். விமானம் தாமதம், நடுவில் ஒரு ஊரில் இறக்கிவிட்டார்கள், ஓட்டலில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றேன். ஓட்டலில் விரிப்பு சுத்தமாக இருந்ததாமா என்று கேட்டாள். வெள்ளை வெளேரென்று இருந்ததாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அதைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்துவிட்டது. வியாழக்கிழமை உன்னை விமானத்தில் ஏற்றினேன், ஜன்னல் சீட் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள். வெயில் கட்டில்மேல் விழுந்தது. நீ இறங்கிக் காரில் வந்துகொண்டிருப்பதை நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் கையைப் பிடித்தாள்.

“சின்ன வயசுலயும் நீ இப்படித்தான்டா. படம் பார்த்துட்டு வந்தா வழியெல்லாம் நீட்டிக்கிட்டே வருவே. அவ வரலேன்னா வரலேன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வந்துட்டிருக்கா அம்மா” என்றேன். அவ்வளவு தெளிவாகக் கேட்டும், அதையேதான் சொன்னேன்.

கையை விட்டுவிட்டாள். கோபமாக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. நாலு மணிக்குப் பார்த்தேன், மூச்சு இல்லை. டீச்சரைக் கூப்பிட்டேன்.

கடைசியில் அவள் உன்னைக்கூடக் கேட்கவில்லை, அக்கா. உண்மையைக் கேட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் அதைக் கொடுக்கவில்லை. நீ வரவில்லை என்பதற்காக உன்மேல் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால், என்னைப் பொய் சொல்ல வைத்தாயே என்ற கோபம் பத்துப் பங்கு. தியேட்டரில் அந்தக் கேப்டன் யாரும் இல்லை என்றபோது என் தலைக்கு ஏறியது அதுதான். இப்போது எழுதிப் பார்த்தால், நீ என்னை எதையும் சொல்ல வைக்கவில்லை. இரண்டு தடவையும் நானாகத்தான் சொன்னேன்.

இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எதையும் விடவும் இல்லை.

நீ வருகிறேன் என்று எழுதாதே. எந்தத் தேதி, எந்த விமானம் என்று ஒன்றும் எழுதாதே. உன் பதில் வந்தால் பிரிக்க மாட்டேன். இந்த வீட்டில் வருகிறேன் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, அதில் பாதி நான் பேசியதே. வருவதாக இருந்தால் வந்து நில். வராவிட்டால் வராமல் இரு, அதையாவது நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பூட்டுக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழையில் வாசல் கதவு உப்பியிருக்கிறது. சாவியைத் திருகும்போது கைப்பிடியை உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் திறக்காது.

நட்டு